12-க்கு 18 என்ன விலை? புகைப்படப் பிரிண்டுக்கு விலை வைத்து விற்க ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். முன்கூடத்துச் சுவருக்குப் படம் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். நான் கொண்டுபோன தனுஷ்கோடிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அப்புறம் விலை கேட்டார். சொன்னேன்.

“என்ன தம்பி, 12-க்கு 18 லேப்ல கொடுத்தா முந்நூறு ரூபாய்ல போட்டுத் தர்றாங்க. நீங்க 9,500ங்கிறீங்க?”

கேள்வியில் தப்பே இல்லை. கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் நாம்தான் அந்த 12-க்கு 18 அங்குலப் பிரிண்டைக் கரிஷ்மா என்கிற கல்யாண ஆல்பத்தோடு சும்மாவே சேர்த்துக் கொடுத்துப் பழக்கியிருக்கிறோம். என் முதல் பிரிண்டை ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு, பிரேமோடு 1,500 ரூபாய்க்கு விற்றேன். பிரேமுக்கே 900 போனது. ஆட்டோ வைத்துக் கொண்டுபோய், ஆணி அடித்து, நானே மாட்டிவிட்டும் வந்தேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். கணக்குப் பார்த்தது ஒரு வருஷம் கழித்துத்தான்.

காரைக்குடிக்காரரிடம் நான் ஒரு கதை சொன்னேன். 2011இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஆந்திரியாஸ் குர்ஸ்கி எடுத்த ரைன் நதிப் படம் ஒன்று 43 லட்சம் டாலருக்குப் போனது. அது பருத்திக் காகிதத்தில் அடித்ததுகூட இல்லை. நம் ஊர் கலர் லேபில் போடுவார்களே, ஒளி பட்டு ரசாயனத்தில் கழுவி வரும் பிரிண்ட், அந்த இனம்தான். அளவு பெரிது, அவ்வளவே. ஆக, காகிதத்தின் விலையை வைத்து யாரும் அந்தக் காசைக் கொடுக்கவில்லை. பிரிண்ட் வாங்குகிறவர் உங்களிடமிருந்து மூன்று வாக்குறுதிகளை வாங்கிப் போகிறார்: இந்தப் படம் இன்னும் எத்தனை சுவரில் தொங்கும், எத்தனை வருஷம் நிறம் மங்காமல் நிற்கும், அடுத்த மாதம் இதையே வேறொருவருக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட மாட்டீர்களா. இந்த மூன்றையும் காப்பாற்ற என்ன ஆகுமோ அதைக் கணக்கிட்டால் விலை வந்துவிடும். நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

1. விற்கிற உரிமை உங்களிடம் இருக்கிறதா?

இதைத் தாண்டாமல் விலைக்குப் போகாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நீங்களாகப் போய் எடுத்த படத்துக்கு நீங்களே முதல் உரிமையாளர். உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு அந்த உரிமை நிற்கும். 2012 திருத்தத்தால் வந்த நன்மை இது. அதற்கு முன்பு படம் வெளியான நாளை வைத்து எண்ணினார்கள்.

ஆனால் அதே பிரிவில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அவர்தான் முதல் உரிமையாளர். அதாவது கல்யாணத்தில் நீங்கள் எடுத்த அந்த அருமையான படம், பாட்டி தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் படம், எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் உங்களுடையது அல்ல. கேலரியில் மாட்டி விற்க முடியாது. ஆர்டர் எடுக்கும்போதே ‘பதிப்புரிமை புகைப்படக்காரருக்கு, சொந்த உபயோகம் வாடிக்கையாளருக்கு’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்த காலத்தில் எடுத்த படங்களுக்குப் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

படத்தில் முகம் தெரிகிற ஆள் இருந்தால் அவரிடமும் எழுதி வாங்குங்கள். தமிழில், நாலே வரியில், அவர் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி. மதுரையில் பூக்கட்டும் அம்மா ஒருவரின் படம் என்னிடம் உண்டு. முதல் பிரிண்ட் அவருக்குத்தான் போனது. “என்னைய யாருய்யா காசு குடுத்து வாங்குவா?” என்று சிரித்தார். வாங்கினார்கள். ஒவ்வொரு பிரிண்ட் விற்கும்போதும் அவருக்கு ஒரு தொகை போகிறது. சட்டம் இதைக் கேட்கவில்லை. எனக்கு மனசு கேட்டது.

2. கோப்பு தாங்குமா, காகிதம் எது?

24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000-க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அடித்தால் 20-க்கு 13 அங்குலம் சுத்தமாக வரும். 12-க்கு 18 கவலையே இல்லை. 20-க்கு 30 போக வேண்டுமானால் அங்குலத்துக்கு 200 புள்ளிதான் கிடைக்கும். நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கிற சுவருக்கு அது போதும். மூக்கை ஒட்டிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற புகைப்படக்காரர்கள்; அவர்கள் வாங்க மாட்டார்கள். ஆனால் படத்தை வெட்டியிருந்தால் மிஞ்சிய புள்ளிகளை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஆரம்பத்தில் என் பிரிண்ட் எல்லாம் இருட்டடித்து வந்தன. லேபோடு சண்டை போட்டேன். கடைசியில் குற்றவாளி என் மானிட்டர். முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன். திரை கண்ணைக் கூசுகிற அளவுக்கு எரிந்தால் படத்தை நாமே அறியாமல் இருட்டாக்கிவிடுவோம், காகிதத்துக்குத் தானாக ஒளிரத் தெரியாதே. மானிட்டரின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கி, திரையின் நிறத்தை அளக்கும் கேலிப்ரேட்டர் கருவி வைத்துச் சரிசெய்யுங்கள். லேபிடம் அந்தந்தக் காகிதத்தில் நிறம் எப்படி விழும் என்று சொல்கிற ஐசிசி ப்ரொஃபைல் கோப்பைக் கேட்டு வாங்கி, திரையிலேயே ஒத்திகை பாருங்கள். அதன்பிறகும் 8-க்கு 10 அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் அதைக் காலையில் திண்ணை வெளிச்சத்தில் ஒரு முறை, ட்யூப்லைட்டில் ஒரு முறை, ராத்திரி மஞ்சள் பல்பில் ஒரு முறை பார்ப்பேன். வாங்குகிறவர் வீட்டில் இந்த மூன்றும்தான் இருக்கும்.

காகிதத்தில் இரண்டு வகை வைத்துக்கொண்டால் போதும். எண்ணிட்டு, அதாவது இத்தனை பிரதிதான் என்று எண் போட்டு விற்கிற படங்களுக்கு முழுப் பருத்திக் காகிதம், நிறத்துகள் கலந்த பிக்மென்ட் மை. ஹானமூலே கம்பெனியின் போட்டோ ராக், சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையுள்ள காகிதம், நம் ஊரிலும் பல லேப்களில் கிடைக்கிறது. பளபளப்பு இல்லை, கறுப்பு ஆழமாக விழும், தொட்டால் கெட்டித் துணி மாதிரி இருக்கும். விலை குறைந்த படங்களுக்கு லேபில் போடும், லேசாக மினுங்கும் லஸ்டர் காகிதமே போதும். கேன்வாஸ் கேட்பார்கள். என் ரசனைக்கு அது ஒத்துவராது, படத்தைப் பெயிண்டிங் மாதிரி காட்ட முயல்கிற வேலை அது. ஆனாலும் கேட்டால் போட்டுத் தருகிறேன்; ஓட்டல்காரர்களுக்குக் கண்ணாடி இல்லாதது வசதி.

3. எத்தனை பிரதி?

விலையில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. ஓப்பன் எடிஷன் என்றால் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம். லிமிடெட் எடிஷன் என்றால் 25 என்று சொன்னால் 25தான், கடைசி பிரதி போனதும் கதவு அடைபடும்.

எண்ணிட்டால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் முழுசாக நம்பாதீர்கள். ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்து நிலவுதயத்தை எடுத்தார். தன் வாழ்நாளில் அதை 1,300 தடவைக்கு மேல் அவரே இருட்டறையில் அடித்துக் கொடுத்திருக்கிறார். இன்றும் அது ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. ஆனால் நீங்களும் நானும் ஆடம்ஸ் அல்ல. பெயர் தெரியாத ஆளிடம் 9,500 கொடுக்கிறவருக்கு ஒரு பிடிமானம் வேண்டும். எண்ணிக்கை அந்தப் பிடிமானத்தைத் தருகிறது.

எண்ணிக்கை சொல்லும்போது எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன் விஷயம் பெரிய பாடம். 2012 மார்ச்சில் அவருடைய பழைய படங்களைப் பெரிய அளவில், டிஜிட்டல் பிக்மென்ட் பிரிண்டாகப் புதிதாக அடித்து 36 பிரதிகளைக் கிறிஸ்டீஸ் ஏலம் விட்டது. 59 லட்சம் டாலர் வந்தது. அவரது பழைய டை-டிரான்ஸ்ஃபர் (சாயத்தைக் காகிதத்துக்கு மாற்றி அடிக்கும் முறை) பிரிண்டுகளை லிமிடெட் எடிஷன் என்று வாங்கி வைத்திருந்த ஜொனாதன் சோபல் என்ற சேகரிப்பாளர், என் பிரிண்டின் மதிப்பைக் கெடுத்துவிட்டார் என்று வழக்குப் போட்டார். அளவும் முறையும் வேறு, ஆகவே இது வேறு எடிஷன் என்று 2013இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. எகிள்ஸ்டன் ஜெயித்தார். ஆனால் மதுரையில் ஒரு வாடிக்கையாளர் இப்படிக் கோபித்துக்கொண்டால் நமக்கு வழக்கில் ஜெயித்து என்ன பிரயோஜனம்? அவர் தெருவில் இன்னொருவர் வாங்க மாட்டார்.

அதனால் என் சான்றிதழில் முழு விவரமும் இருக்கும்: ‘12-க்கு 18இல் 25, 20-க்கு 30இல் 10, எனக்கென்று 2. இந்தப் படம் வேறு எந்த அளவிலும், எந்த முறையிலும் எண்ணிட்டோ எண்ணிடாமலோ பிரிண்டாக விற்கப்படாது. புத்தகம், பத்திரிகை, கண்காட்சி விளம்பரம் இதில் சேராது.’ கூடவே படத்தின் பெயர், எடுத்த இடம், வருடம், அச்சிட்ட தேதி, காகிதம், மை, என் கையெழுத்து. பிரிண்டில் படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலால் இடப்பக்கம் 7/25 (25இல் ஏழாவது பிரதி), வலப்பக்கம் கையெழுத்து. பேனா மை பல வருஷத்தில் பரவலாம், மங்கலாம். பென்சில் அப்படியே நிற்கும்.

7/25 என்று ஏன் உதாரணம் சொன்னேன் என்றால், அந்த எண்ணை நான் இரண்டு பேருக்கு விற்றிருக்கிறேன். ஒன்று சென்னைக் கண்காட்சியில் போனது, ஒன்று போனில் கேட்டவருக்கு. எழுதி வைக்கவில்லை, ஞாபகத்தை நம்பினேன். இரண்டாமவரிடம் விஷயத்தைச் சொல்லி, பிரிண்டைத் திரும்ப வாங்கி, அவர் முன்னாலேயே கிழித்துவிட்டு வேறு எண் போட்டுப் புதிதாக அடித்துக் கொடுத்தேன். அன்றைக்கே கடையில் நீளவாக்குக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். படத்துக்கு ஒரு பக்கம், வரிசைக்கு ஒரு பிரதி: எண், தேதி, யாருக்கு, எவ்வளவு. கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஆனாலும் நோட்டில் எழுதாமல் பென்சிலைத் தொடுவதில்லை.

எத்தனை வைப்பது? நேர்மையாக யோசித்தால், இந்தப் படம் ஐந்து வருஷத்தில் எத்தனை போகும் என்பதை ஒட்டி வையுங்கள். 500 என்று எண்ணிட்டால் அது லிமிடெட் அல்ல, வெறும் பேச்சு. 3 என்று வைத்தால் நன்றாகப் போகும்போது கை கட்டப்பட்டுவிடும்.

4. அடக்க விலை

எண்ணிட்ட 12-க்கு 18 ஒன்றுக்கு என் கணக்குத் தாளை அப்படியே தருகிறேன். லேபின் விலை சதுர அங்குலத்துக்கு 4 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரிண்ட், சுற்றிலும் ஒன்றரை அங்குல ஓரம் சேர்த்து 15-க்கு 21, அதாவது 315 சதுர அங்குலம்: 1,260
சோதனைப் பிரிண்ட், வீணாகும் தாளின் பங்கு: 160
சான்றிதழ், லேபிள்: 60
அட்டைக் குழாய், பட்டர் பேப்பர், பேக்கிங்: 180
என் நேரம், 2 மணி, மணிக்கு 400: 800
வருடச் செலவின் பங்கு: 1,000
படம் எடுக்கப் போன செலவின் பங்கு: 1,000

மொத்தம் 4,460 ரூபாய். கூரியர் தனி, அது வாங்குகிறவர் கணக்கு.

கடைசி இரண்டு வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மானிட்டர், ஹார்ட் டிஸ்க், வெப்சைட், கரன்ட், ரிப்பேர் என்று பிரிண்ட் வேலைக்கு மட்டும் வருஷத்துக்கு 60,000 ஆகிறது, வருஷத்துக்கு 60 பிரிண்ட் விற்பேன் என்றால் ஒன்றின் தலையில் 1,000. அதே மாதிரி தனுஷ்கோடிக்கு மூன்று முறை போனேன். 1964 புயலில் மிஞ்சிய சர்ச் சுவரை விடியற்காலை வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று போய், முதல் முறை மேகம், இரண்டாம் முறை மணல்காற்று. மொத்தம் 24,000 செலவு. விற்கத் தகுந்தது மூன்று படம். ஒவ்வொன்றும் எப்படியும் 8 பிரதி போகும் என்று வைத்தால் 24 பிரிண்ட், ஒன்றுக்கு 1,000. போகாத படங்களின் செலவைப் போகிற படங்கள்தான் சுமக்க வேண்டும். வேறு யார் சுமப்பார்கள்?

நேரத்துக்கு விலை போடக் கூச்சமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். இதே 2 மணி நேரத்தில் ஒரு காதுகுத்து எடுக்கப் போனால் எவ்வளவு வாங்குவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

5. விற்பனை விலை

அடக்க விலைக்கு மேல் கொஞ்சம் லாபம் வைத்து 6,000 என்று முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வோம். கேலரிகள் பொதுவாக 30 முதல் 50 சதவீதம் எடுத்துக்கொள்கின்றன. 40 என்று வைத்துக்கொண்டால், 6,000 ரூபாய்ப் பிரிண்டில் உங்கள் கைக்கு வருவது 3,600. ஒவ்வொரு விற்பனையிலும் 860 ரூபாய் நட்டம். கேலரி வழியாக விற்றாலும் கையைக் கடிக்கக் கூடாது என்றால் குறைந்தது 7,434 வேண்டும். நான் 9,500 வைத்தேன். கேலரிக்கு 3,800 போக 5,700 வரும், அடக்கம் போக மிஞ்சுவது 1,240.

“நேராக என்னிடம் வாங்குகிறவருக்குக் கேலரிப் பங்கைக் கழித்துக் கொடுத்தால் என்ன?” கொடுக்காதீர்கள். கேலரிக்காரர் ஹால் வாடகை, விளக்கு, ஆள் சம்பளம் எல்லாம் போட்டு விற்பார். பார்த்தவர் உங்கள் போன் நம்பரைத் தேடிப் பிடித்து 6,000-க்கு வாங்குவார். இது ஒரு முறை தெரிந்தால் எந்தக் கேலரியும் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது. எங்கே வாங்கினாலும் ஒரே விலை. நேராக விற்கும்போது கூடுதலாக வருகிற அந்தக் காசு, கேலரி செய்கிற வேலையை நீங்கள் செய்ததற்கான கூலி. போன் பேசுவதும் பார்சல் கட்டுவதும் அப்போது உங்கள் தலையில்தானே.

பெரிய அளவுக்கு விலை எப்படி? 20-க்கு 30 பிரிண்ட் ஓரத்தோடு 24-க்கு 34, அதாவது 816 சதுர அங்குலம். காகிதம் 3,264, மற்றதெல்லாம் சேர்த்து அடக்கம் 6,700 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. சின்னதைவிட ஒன்றரை மடங்குதான். ஆனால் நான் 22,000 வைக்கிறேன், ஏனென்றால் இதில் உலகத்துக்கே பத்துதான். பரப்பளவைப் பெருக்கி விலை போடுகிற பழக்கம் பிளெக்ஸ் பேனர் கடைக்குச் சரி.

எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏற வேண்டும். என் 25 பிரதிக் கணக்கு: முதல் ஐந்து 9,500, அடுத்த ஐந்து 11,500, பிறகு 14,000, 17,500, கடைசி ஐந்து 24,000. முழுவதும் போனால் 3,82,500. முழுவதும் போன படம் இதுவரை ஒன்றே ஒன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஏணியை முதல் நாளே எழுதி வெளியில் வையுங்கள். முதலில் வாங்கியவருக்குத் தன் முடிவு சரி என்று தெரியும், யோசிக்கிறவருக்கு நாளைக்கு விலை ஏறும் என்று தெரியும். விலையை ஏற்றலாம், இறக்க முடியாது. அதனால் எங்கே தொடங்குவது என்று குழப்பம் இருந்தால் கொஞ்சம் கீழேயே தொடங்குங்கள், ஆனால் அடக்கக் கணக்குக்குக் கீழே வேண்டாம்.

“கடைசியா என்ன விலை?” இது வராத விற்பனையே கிடையாது. கோபப்பட ஒன்றுமில்லை, கேட்பது நம் ஊர்ப் பழக்கம். எண்ணிட்ட பிரிண்டில் நான் ஒரு ரூபாய் குறைப்பதில்லை, நோட்டைத் திறந்து அவருக்கு முன்னால் வாங்கியவர்கள் கொடுத்த தொகையைக் காட்டுவேன், பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு. அதற்குப் பதில் உள்ளூராக இருந்தால் நானே வந்து மாட்டித் தருவேன், இல்லையென்றால் 6-க்கு 9இல் ஒரு சின்ன லேப் பிரிண்ட், வேறு படம், கையெழுத்துப் போட்டு. கேட்டது வீண்போகவில்லை என்று அவருக்கும் ஆறுதல்.

6. பிரேம்

பிரேமோடு விற்கலாமா? உள்ளூருக்கு மட்டும். கண்ணாடி போட்ட பிரேமைக் கூரியரில் அனுப்பி உடையாமல் போய்ச் சேர்ந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றைப் பிரேம் போடுகிறவரிடம் ஞாபகப்படுத்துங்கள். சாமி படத்துக்குப் போடுவது மாதிரி கண்ணாடியைப் படத்தின் மேல் ஒட்ட வைத்து அடித்துவிடுவார். இரண்டு மழைக்காலம் போனால் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் உரிந்து வரும். நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்பக்கம் ஹார்ட்போர்டு படத்தை நேராகத் தொடக் கூடாது. அங்கேயும் அமிலமில்லாத அட்டை ஒன்று. பிரிண்டைப் பசை போட்டு ஒட்டவே கூடாது. மேலே இரண்டு இடத்தில் காகிதக் கீல் மட்டும். ஈரம் ஊறிய வெளிச்சுவரில் மாட்டினால் பிரேமின் பின்னால் நாலு மூலையிலும் சின்ன ரப்பர் பொத்தான் ஒட்டிக் காற்று போக வழி விடுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர் வேண்டவே வேண்டாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம் இருந்தால் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக வரும்.

7. யாரிடம் விற்பது?

வீட்டுக்கு வாங்குகிறவர்களைவிடச் சுவர் நிறைய வைத்திருக்கிறவர்களிடம் முதலில் போங்கள்: ஓட்டல், கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ், ஐடி கம்பெனி வரவேற்பறை. இவர்களிடம் நேராகப் போவதைவிட இன்டீரியர் செய்கிறவர்கள், ஆர்க்கிடெக்ட்கள் வழியாகப் போவது சுலபம். நாலு பேரைப் பழக்கம் பிடித்து, 8-க்கு 10 மாதிரிப் பிரிண்டுகளை ஒரு பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். போனில் படம் அனுப்பினால் ‘சூப்பர்’ என்று பதில் வரும். காகிதத்தைத் தொட்டுப் பார்த்தவர்தான் விலை கேட்பார்.

காரைக்குடிக்காரர் கடைசியில் முன்கூடத்துக்கு தனுஷ்கோடிப் படத்தை 9,500-க்கே எடுத்துக்கொண்டார். அப்புறம் 14 அறைக்கும் படம் கேட்டார், விலை குறைவாக. எண்ணிட்ட படங்களை அங்கே இறக்கவில்லை. அந்த வீட்டையே எடுத்துத் தருகிறேன் என்றேன்: ஆத்தங்குடித் தரைக்கல், நிலைக்கதவின் செதுக்கல், வளவு என்கிற உள்முற்றத்தில் விழும் வெயில். லஸ்டர் காகிதத்தில் 10-க்கு 15, பிரேமோடு ஒன்று 2,800 வீதம் 39,200. படம் எடுக்கும் கூலி தனி. பாதி முன்பணம். அவர் காசு கொடுத்து எடுக்கச் சொல்கிற படம் என்பதால், முதலில் சொன்ன 17ஆம் பிரிவை நினைத்துக்கொண்டு, பதிப்புரிமை எனக்கே என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஆறு மாதம் கழித்து அவர் விளம்பர மடக்கிதழில் அதே படங்களைப் போடக் கேட்டபோது அதற்குத் தனி உரிமக் கட்டணம் வந்தது. பிரிண்ட் விற்பது வேறு, படத்தை அச்சில் பயன்படுத்த உரிமம் கொடுப்பது வேறு. பில்லிலேயே இதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கண்காட்சிக்குச் சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, 1966இல் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம், முட்டுக்காட்டு தட்சிணசித்ரா என்று இடங்கள் இருக்கின்றன. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே வந்தபிறகு புகைப்படத்தைச் சுவரில் நின்று பார்க்கிற கூட்டம் உருவாகியிருக்கிறது. தனியாகப் போட்டால் வாடகை, பிரேம், அழைப்பிதழ் எல்லாம் உங்கள் கை. முதல் முறை மூன்று நாலு பேர் சேர்ந்து போடுங்கள். படத்துக்குப் பக்கத்தில் விலையை எழுதி ஒட்டுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப்பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இன்ஸ்டாகிராமில் விற்க முடியும், மெதுவாக. ஒன்று மட்டும்: முழு அளவுக் கோப்பை எங்கேயும் ஏற்றாதீர்கள். நீளப் பக்கம் 1,500 புள்ளி தாராளம்.

8. பில்லும் வரியும்

சரக்கு மட்டும் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வரம்பு வருடத்துக்கு 40 லட்சம். ஆனால் நாம் கல்யாணமும் எடுக்கிறோம், அது சேவை. அப்போது இரண்டையும் கூட்டி 20 லட்சம்தான் வரம்பு. அதோடு பிரிண்டைச் சரக்காக வேறு மாநிலத்துக்கு விற்றால் வரம்பு பார்க்காமலே பதிவு வேண்டும். பெங்களூருக்கு ஒன்றே ஒன்று போனாலும் இதே கதைதான். வரி விகிதம் அவ்வப்போது மாறுகிறது, ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். விலைப்பட்டியலை வரி உட்பட எழுதுங்கள். 9,500 என்று சொல்லிவிட்டுப் பில்லில் வேறு தொகை வந்தால் முகம் சுருங்கும்.

9. பார்சலும் அதற்குப் பின்னாலும்

பருத்திக் காகிதத்தை ஒல்லிக் குழாயில் சுருட்டினால் பிரித்தபின் நேராகவே நிற்காது, மேல்பூச்சு வெடிக்கவும் செய்யும். குறைந்தது மூன்று அங்குல விட்டமுள்ள கெட்டி அட்டைக் குழாய் வேண்டும். படத்தின் மேல் அமிலமில்லாத பட்டர் பேப்பர், அதைச் சேர்த்துத் தளர்வாகச் சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு முனையிலும் காகிதப் பந்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காகிதத்தில் பதிந்த விரல் ரேகை போகாது. சான்றிதழைக் குழாய்க்குள் போடாமல் தனி உறையில் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். ஒன்று தொலைந்தால் இன்னொன்று மிஞ்சும். குழாயைத் திறப்பது எப்படி, இரண்டு நாள் தட்டையாக வைத்தபிறகு பிரேமுக்குக் கொடுப்பது எப்படி என்று ஒரு துண்டுச் சீட்டும் உள்ளே இருக்கும்.

எவ்வளவு பார்த்தாலும் ஒன்று நசுங்கித்தான் போகும். கோயம்புத்தூருக்குப் போன குழாய் ஒன்று நடுவில் மடங்கிப்போய்ச் சேர்ந்தது. அப்போது செய்ய வேண்டியது இது: மடிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வாதாட வேண்டாம். எண்ணும் கையெழுத்தும் உள்ள கீழ் ஓரத்தைக் கத்தரித்து, சாதாரணத் தபாலில் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் துண்டு கைக்கு வந்தபிறகு அதே எண்ணில் புதிதாக அடித்து, சான்றிதழில் ‘சேதமானதற்கு மாற்று’ என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள். என் நோட்டில் 11/25 வரிக்குப் பக்கத்தில் அந்தக் கத்தரித்த துண்டு செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது.